கடல் கடந்த வகுப்பறை: தலித் ஆசிரியர்களும் அயல்நாட்டு வேலையும்



நினைவுச் சொற்பொழிவு என்றால் மறைந்தவரின் பெருமைகளை அடுக்குவது வழக்கம். யாருடைய நினைவாக நாம் கூடியிருக்கிறோமோ அவருக்கு அது பிடிக்காது. வாழ்நாள் முழுக்க ஆதிதிராவிடர் நலப் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர் அவர். யாராவது புகழ ஆரம்பித்தால், "சரி, அடுத்த வேலை என்ன?" என்று பேச்சை மாற்றிவிடுவார். ஆகவே அடுத்த வேலையைப் பற்றியே பேசுகிறேன். அவரிடம் படித்தவர்களின் பிள்ளைகள் இன்று பி.எட். முடித்திருக்கிறார்கள். கணிதம், இயற்பியல், ஆங்கிலம் என்று முதுகலைப் பட்டமும் வாங்கியிருக்கிறார்கள். அவர்களில் பலர் இப்போது கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: வெளிநாட்டுப் பள்ளிக்கு ஆசிரியராகப் போகலாமா?

இது தனிப்பட்ட குடும்ப விஷயம், இதற்கு ஒரு நினைவுச் சொற்பொழிவா என்று சிலர் நினைக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சில மாதங்களுக்கு முன் ஒரு வாசகர் வட்டக் கூட்டத்தில் எம்.எஸ்சி., பி.எட். முடித்த தங்கை ஒருவர், வளைகுடாவில் ஒரு பள்ளியில் வேலை கிடைத்திருப்பதாகச் சொன்னார். மூத்த தோழர் ஒருவர் உடனே, "நீங்களும் போய்விட்டால் நம்ம பிள்ளைகளுக்கு யாரும்மா பாடம் சொல்லித் தருவது?" என்றார். அந்தத் தங்கை சிரித்துக்கொண்டே, "நம்ம பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல என்னை யாரும் இதுவரைக்கும் கூப்பிடலையே அண்ணா" என்றார். கூட்டத்தில் யாரும் பதில் பேசவில்லை. அந்தப் பதிலைத் தேடும் முயற்சிதான் இந்த உரை.

நாம் போன கப்பல்கள்

கடல் தாண்டினால் சாதி கெட்டுவிடும் என்று ஒரு காலத்தில் சாதி இந்துக்கள் அஞ்சினார்கள். இழப்பதற்குச் சாதிப் பெருமை எதுவும் இல்லாத நம் முன்னோருக்கு அந்த அச்சம் இல்லை. அவர்களுக்குக் கடல் என்பது பண்ணையாரின் கை எட்டாத தூரம். 1860 நவம்பர் 16 அன்று 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து டர்பன் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அதில் 342 பேர் இருந்தார்கள். நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன முதல் தொகுதி அது. அதற்கு முன்பே மொரீஷியஸ், இலங்கை மலையகம், மலாயா, பிறகு பிஜி என்று கப்பல்களும் படகுகளும் போய்க்கொண்டே இருந்தன. அவற்றில் நம் சேரிகளின் மக்கள் கணிசமாக இருந்தார்கள்.

பண்ணையாரிடமிருந்து தப்பியவர்கள் கங்காணியிடம் மாட்டினார்கள் என்பதும் நாம் அறிந்த வரலாறுதான். இலங்கைத் தோட்டங்களில் 'துண்டு' என்றொரு முறை இருந்தது. கங்காணியிடம் தொழிலாளி பட்ட கடன் எவ்வளவு என்று எழுதிய சீட்டு அது. அந்தக் கடனை அடுத்த தோட்டம் ஏற்றுக்கொண்டால்தான் தொழிலாளி இடம் மாறலாம். 1921இல் சட்டம் போட்டுத்தான் அதை ஒழிக்க வேண்டியிருந்தது. இந்தத் 'துண்டு' என்ற சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய ஆசிரியரின் ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசும்போது அது மறுபடி வரும்.

படித்தவர்களின் பயணம் வேறு விதம். இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கியவர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் கப்பலேறி, தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்தார். திரும்பி வந்து சட்டமன்றத்துக்குள் நுழைந்தார். அண்ணல் அம்பேத்கரோடு வட்டமேசை மாநாட்டில் உட்கார்ந்தார். வெளிநாட்டில் சம்பாதித்த அந்த ஆண்டுகளை யாரும் ஓடிப்போன ஆண்டுகள் என்று எழுதவில்லை.

அண்ணல் 1913இல் நியூயார்க் போனார். பரோடா மன்னர் கொடுத்த உதவித்தொகை மாதம் பதினொன்றரைப் பவுண்டு. திரும்பி வந்து பத்தாண்டுகள் பரோடா அரசுக்கு வேலை செய்ய வேண்டும் என்பது நிபந்தனை. 1917இல் அந்த நிபந்தனைப்படி பரோடாவுக்குப் போனார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு வந்தவருக்குத் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரில் தங்கியிருந்தவரைப் பதினோராம் நாள் தடிகளோடு வந்த கும்பல் வெளியேற்றியது. இந்து நண்பரும் இடம் தரவில்லை, கிறித்தவ நண்பரும் இடம் தரவில்லை. பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு இரவு ரயிலில் பம்பாய் திரும்பினார். இதை அவரே எழுதியிருக்கிறார். அந்தக் குறிப்புகளுக்குப் பெயர் 'விசாவுக்காகக் காத்திருத்தல்'. அயல்நாட்டில் இருந்த ஆண்டுகள் தான் தீண்டத்தகாதவன் என்ற உணர்வையே தன்னிடமிருந்து துடைத்துவிட்டிருந்தன என்று அதில் சொல்கிறார். சொந்த நாட்டில் நடமாடத்தான் அவருக்கு விசா கிடைக்கவில்லை.

மறு ஆண்டு, 1918இல், பம்பாய் சைடன்ஹாம் கல்லூரியில் அவர் பேராசிரியரானார். ஆசிரியர் அறையில் இருந்த தண்ணீர்ப் பானையிலிருந்து அவர் குடிப்பதற்குச் சக பேராசிரியர்கள் சிலர் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். நம்முடைய மாபெரும் ஆசிரியரின் ஆசிரியர் அறை அனுபவம் இது. தலித் ஆசிரியரின் வரலாற்றை வகுப்பறையில் மட்டும் தேடினால் போதாது, ஆசிரியர் அறையிலும் தேட வேண்டும்.

ஏன் போகிறார்கள்?

இங்கே ஒரு பட்டதாரி ஆசிரியர் அரசுப் பள்ளிக்குள் நுழைய ஆசிரியர் தகுதித் தேர்வு எழுத வேண்டும். 2012 முதல் இதுதான் நடைமுறை. தேர்ச்சி பெற்றுவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவர்களை நம் ஒவ்வொரு ஊரிலும் பார்க்கலாம். காத்திருக்கும் காலத்தில் தனியார் பள்ளிதான் கதி. அங்கே கையெழுத்துப் போடும் தொகை ஒன்று, கையில் வாங்கும் தொகை வேறொன்று. அசல் சான்றிதழ்களை வாங்கிப் பூட்டி வைத்துக்கொள்ளும் நிர்வாகங்கள் இருக்கின்றன. கோடை விடுமுறைச் சம்பளத்தைப் பிடித்துக்கொள்ளும் நிர்வாகங்களும் இருக்கின்றன.

இதெல்லாம் எல்லாச் சாதி ஆசிரியர்களுக்கும் உள்ள துன்பம்தான். நமக்குக் கூடுதலாக ஒன்று உண்டு. அரசியலமைப்பின் 16(4) தரும் இடஒதுக்கீடு அரசுப் பணிகளோடு நின்றுவிடுகிறது. 2005இல் கொண்டுவந்த 93ஆவது திருத்தம் தனியார் கல்வி நிறுவனங்களில் மாணவர் சேர்க்கைக்குத்தான் கதவைத் திறந்தது, ஆசிரியர் நியமனத்துக்குத் திறக்கவில்லை. எனவே அரசு புதிய ஆசிரியர்களை எடுப்பதைக் குறைக்கக் குறைக்க, தனியார் பள்ளிகள் பெருகப் பெருக, நம் இடஒதுக்கீட்டின் நிலப்பரப்பு சுருங்கிக்கொண்டே போகிறது. சட்டத்தில் ஒரு வரியைக்கூட மாற்றாமல் நடக்கும் பறிப்பு இது. தனியார் பள்ளியின் நேர்காணலில், "சொந்த ஊர் எது? ஊரில் எந்தப் பக்கம்?" என்ற கேள்வி எதற்கு வருகிறது என்று நம் பிள்ளைகளுக்குத் தெரியும்.

இந்த நிலையில் ஒருவர் கடல் தாண்டிப் போவதைத் துரோகம் என்று சொல்லும் உரிமை யாருக்கு இருக்கிறது? ஐ.ஐ.டி.யில் அரசுப் பணத்தில் படித்துவிட்டு அமெரிக்கா போகும் உயர்சாதிப் பொறியாளரை நாடு பெருமையாகப் பேசுகிறது. அவரிடம் யாரும் "அக்ரகாரத்துப் பிள்ளைகளுக்கு யார் பாடம் சொல்வது?" என்று கேட்பதில்லை. போகும் உரிமை நமக்கும் உண்டு. இதில் எனக்குத் தயக்கமே இல்லை. போகிற இடம் எப்படிப்பட்டது என்பதுதான் பேச வேண்டிய விஷயம்.

சர்வதேசப் பள்ளி என்பது என்ன?

சர்வதேசப் பள்ளி என்ற சொல்லுக்குள் இரண்டு மூன்று வகைகள் இருக்கின்றன. 1924இல் ஜெனீவாவில் தொடங்கிய சர்வதேசப் பள்ளி, சர்வதேச சங்கத்திலும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பிலும் வேலை பார்த்தவர்களின் பிள்ளைகளுக்கானது. 1968இல் அதே ஜெனீவாவில் ஐ.பி. என்ற பாடத்திட்ட அமைப்பு உருவானது. இன்று உலகின் பெருநகரங்களில் பிரிட்டிஷ், அமெரிக்க, ஐ.பி. பாடத்திட்டப் பள்ளிகள் பெருகிவிட்டன. அங்கே படிப்பவர்களில் பெரும்பாலோர் உள்ளூர்ப் பணக்காரர் வீட்டுப் பிள்ளைகளும் பெரிய நிறுவன அதிகாரிகளின் பிள்ளைகளும்தான். வளைகுடா நாடுகளில் இன்னொரு வகை உண்டு. புலம்பெயர்ந்த இந்தியர்களின் பிள்ளைகளுக்காக நடக்கும் சி.பி.எஸ்.இ. பள்ளிகள். நம்மவர்கள் அதிகமும் போய்ச் சேர்வது இவற்றில்தான். மாலத்தீவின் தீவுப் பள்ளிகளிலும் இந்திய ஆசிரியர்கள் நீண்ட காலமாக இருக்கிறார்கள். எத்தியோப்பியாவில் ஹைலி செலாசி மன்னர் காலத்திலேயே இந்திய ஆசிரியர்கள், குறிப்பாக மலையாளிகள், ஏராளமாகப் போய்ப் பாடம் நடத்தினார்கள்.

இந்தப் பள்ளிகளுக்குள் ஒரு படிநிலை இருக்கிறது. ஒரே பள்ளியில், ஒரே வகுப்புக்கு, ஒரே பாடத்தை நடத்தும் இரண்டு ஆசிரியர்களில் லண்டனிலிருந்து வந்தவருக்கு ஒரு சம்பளம், சென்னையிலிருந்து வந்தவருக்கு வேறு சம்பளம் என்பது அந்தத் துறையில் வெளிப்படையான நடைமுறை. வெளிநாட்டிலிருந்து நேரடியாக எடுக்கப்பட்டவருக்கு வீடு, விமான டிக்கெட், பிள்ளைகளுக்குக் கட்டணச் சலுகை. கணவரின் விசாவில் வந்து அங்கேயே வேலை தேடும் பெண்ணை 'உள்ளூர் நியமனம்' என்று பதிவு செய்வார்கள். அவருக்கு இந்தச் சலுகைகளில் பாதியும் இருக்காது. இப்படிக் குறைந்த சம்பளத்தில் நிற்பவர்களில் பெண்களே அதிகம்.

ஆங்கில ஆசிரியர் வேலை விளம்பரங்களில் 'தாய்மொழியாக ஆங்கிலம் பேசுபவர்' என்று கேட்பார்கள். அதன் பொருள் மொழியறிவு இல்லை, பாஸ்போர்ட். தென்கொரியாவில் ஆங்கிலம் கற்பிக்கத் தரும் ஈ-2 விசா அடிப்படையில் ஏழு நாட்டுக் குடிமக்களுக்கானது: அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அயர்லாந்து, தென்னாப்பிரிக்கா. ஆங்கில இலக்கியத்தில் முனைவர் பட்டம் வாங்கிய நம் தோழரைவிட, அந்த ஏழு நாடுகளில் ஒன்றில் பிறந்து ஏதோ ஒரு பட்டம் வாங்கியவருக்கு அந்தச் சந்தையில் மதிப்பு அதிகம். பிறப்பை வைத்துத் தகுதியைத் தீர்மானிப்பது என்ன என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் சமூகவியல் படித்தவளாக ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும். பாஸ்போர்ட் படிநிலையும் சாதியும் ஒன்றல்ல. பாஸ்போர்ட்டை ஒரு தலைமுறையில் மாற்றிக்கொள்ள முடியும், சாதியை முடியாது. வெள்ளைக்கார ஆசிரியர் நம் கையால் தண்ணீர் வாங்கிக் குடிப்பார். அந்தப் பள்ளியிலேயே நம்மோடு வேலை பார்க்கும் நம் நாட்டவர் சிலர் குடிக்கத் தயங்குவார்கள். அங்கே இரண்டு ஏணிகள் இருக்கின்றன. தலித் ஆசிரியர் இரண்டிலும் கீழ்ப்படியில் நிற்கிறார்.

கதவுகள் திறக்கவும் செய்கின்றன. 2023 பிப்ரவரி முதல் இங்கிலாந்து, இந்தியா உள்ளிட்ட மேலும் ஒன்பது நாடுகளில் பயிற்சி பெற்ற கணிதம், அறிவியல், மொழி ஆசிரியர்கள் அங்கே தகுதிபெற்ற ஆசிரியர் நிலைக்கு விண்ணப்பிக்கலாம் என்று விதியை மாற்றியது. அதே ஆண்டில் இயற்பியல், மொழி ஆசிரியர்கள் குடிபெயர 10,000 பவுண்டு உதவியும் அறிவித்தது. தன் நாட்டில் ஆசிரியர் கிடைக்காததால் அந்த அரசு இதைச் செய்தது. நம் பிள்ளைகள் இயற்பியலும் கணிதமும் படிக்க வேண்டும் என்று சொல்வதற்கு இதையும் ஒரு காரணமாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

பெட்டியில் போகும் சாதி

கடவுச்சீட்டில் சாதி எழுதப்படுவதில்லை. தமிழ்நாட்டவருக்கு இன்னொரு வசதியும் உண்டு. சுயமரியாதை இயக்கம் பெயருக்குப் பின்னால் இருந்த சாதியை வெட்டியெறிந்தது. நமக்கு முன்னெழுத்து மட்டும்தான். இந்த வசதிக்கு அயல்நாட்டில் ஒரு விலை இருக்கிறது. குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் எதை எழுதுவது என்று ஒவ்வொரு படிவத்திலும் தடுமாற வேண்டியிருக்கிறது. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்குப் பார்வையாளர் விசாவில் அனுமதியில்லை என்று அறிவித்தபோது தவித்தவர்களில் நம்மவர்கள் பலர். தந்தை பெயரைப் பாஸ்போர்ட்டில் முறையாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்த நெருக்கடியிலும் சாதிப் பெயரைக் குடும்பப் பெயராக எழுதாதீர்கள்.

பெயர் காட்டிக்கொடுக்காத இடத்தில் கேள்விகள் காட்டிக்கொடுக்கும். பள்ளி தரும் குடியிருப்பில் மூன்று ஆசிரியைகளுக்கு ஒரு சமையலறை இருக்கும். "நீங்க வெஜ்ஜா நான்வெஜ்ஜா?" என்பது முதல் கேள்வி. "உங்க குலதெய்வம் எது?" என்பது இரண்டாவது. "உங்க பக்கத்துல கல்யாணத்துல என்ன பழக்கம்?" என்பது மூன்றாவது. அந்த மூன்று கேள்விகளுக்குள் இந்தியாவின் எந்த மூலையிலிருந்து வந்தவரையும் இடம்பார்த்து வைத்துவிடுவார்கள். வளைகுடா நாடொன்றில் ஆறாண்டுகள் வேலை பார்த்த தோழி ஒருவர் என்னிடம் சொன்னது: "மாட்டுக்கறி அந்த ஊர்ல எல்லாக் கடையிலும் கிடைக்கும் தோழர். நான் சமைச்ச அன்னைக்கு மட்டும் ஜன்னலைத் திறந்து வைப்பாங்க." சைடன்ஹாம் கல்லூரியின் தண்ணீர்ப் பானை இப்போது மைக்ரோவேவ் அடுப்பாக மாறியிருக்கிறது.

வகுப்பறையிலும் இது வரும். சமூக அறிவியல் ஆசிரியர் இந்தியச் சமூகம் பற்றிப் பாடம் நடத்த வேண்டும். எதிரே இருப்பவர்களில் புலம்பெயர்ந்த சாதி இந்துக்களின் பிள்ளைகள் அதிகம். சாதி என்பது பழங்காலத்து வேலைப் பிரிவினை, இப்போது இல்லை என்று வீட்டில் சொல்லிக்கொடுத்து அனுப்பியிருப்பார்கள். ஆசிரியர் உண்மையைச் சொன்னால் மறுநாள் பெற்றோரின் புகார் நிர்வாகத்தின் மேசையில் இருக்கும். ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுமா என்ற அச்சத்தோடு பாடம் நடத்துபவர் எவ்வளவு உண்மையைச் சொல்ல முடியும்?

இங்கே நமக்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. எவ்வளவு ஓட்டை இருந்தாலும் காவல் நிலையத்தில் போய்ச் சொல்ல ஒரு சட்டத்தின் பெயர் இருக்கிறது. 1989இல் வந்த அந்தச் சட்டம் இந்திய எல்லையோடு நின்றுவிடும். எல்லைக்கு அப்பால் என்ன இருக்கிறது? 2001இல் டர்பனில் நடந்த ஐ.நா. இனவெறி எதிர்ப்பு மாநாட்டில் தலித் அமைப்புகள் சாதியைப் பேச வேண்டும் என்று போராடின. இந்திய அரசு அது உள்நாட்டு விஷயம் என்று தடுத்தது. 141 ஆண்டுகளுக்கு முன் நம் முன்னோர் கூலிகளாகப் போய் இறங்கிய அதே டர்பன். மறு ஆண்டு, 2002இல், ஐ.நா.வின் இனப்பாகுபாடு ஒழிப்புக் குழு, வம்சாவளி அடிப்படையிலான பாகுபாட்டில் சாதியும் அடங்கும் என்று தன் 29ஆவது பொதுப் பரிந்துரையில் தெளிவாக்கியது.

பிரிட்டனில் 2010 சமத்துவச் சட்டத்தில் சாதியைச் சேர்க்க வழி வைத்தார்கள். 2013இல் சேர்த்தே ஆகவேண்டும் என்று நாடாளுமன்றம் சட்டமாக்கியது. 2018இல் அரசு, நீதிமன்றத் தீர்ப்புகளே போதும் என்று கைவிட்டது. அமெரிக்காவில் 2023 பிப்ரவரியில் சியாட்டில் மாநகரம் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்தது. அதே ஆண்டு கலிபோர்னியா சட்டமன்றத்தின் இரு அவைகளும் நிறைவேற்றிய சட்ட முன்வரைவை அக்டோபரில் ஆளுநர் ரத்து அதிகாரத்தால் நிறுத்தினார். நம் தலைப்புக்கு மிக நெருக்கமானது கனடாவில் நடந்தது. 2023 மார்ச்சில் டொராண்டோ மாவட்டப் பள்ளி வாரியம் தன் பள்ளிகளில் சாதிப் பாகுபாடு இருப்பதை ஏற்று, அதைக் கையாள வழிமுறை வகுக்க மாகாண மனித உரிமை ஆணையத்தின் உதவியைக் கேட்டது. ஒரு பள்ளி வாரியம் அப்படிச் சொல்வதற்கு அங்கே போன நம்மவர்கள் பேசியதும், சாட்சி சொன்னதும்தான் காரணம். போனவர்கள் எல்லோரும் காணாமல் போய்விடவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஒப்பந்தமும் துண்டும்

இனி நடைமுறை விஷயம். மாணவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

வேலைக்கு ஆள் எடுக்கும் முகவர் 1983 குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்றவரா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்த்துவிடலாம். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் என்று உச்சவரம்பு இருக்கிறது. அதற்கு மேல் கேட்டால் அது சட்டவிரோதம். லட்சக்கணக்கில் கேட்பவர் உங்களுக்கு வேலை வாங்கித் தருபவர் இல்லை. உங்களைக் கடனாளியாக்கி அனுப்புபவர், பழைய கங்காணியின் பேரன். நகையை அடகு வைத்து, வட்டிக்கு வாங்கிப் போனவரால் அநியாயமான ஒப்பந்தத்தை விட்டு வெளியே வர முடியாது. தமிழ்நாடு அரசே 1978 முதல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்றை நடத்துகிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. முதலில் அந்தக் கதவைத் தட்டுங்கள்.

சான்றிதழ்களுக்கு அட்டஸ்டேஷன் வேண்டும். மாநில அரசு, பிறகு வெளியுறவு அமைச்சகம். ஹேக் ஒப்பந்தத்தில் உள்ள நாடு என்றால் அப்போஸ்டில் போதும். இந்தியா 2005 முதல் அதில் இருக்கிறது. ஒப்பந்தத்தில் இல்லாத நாடு என்றால் அந்த நாட்டுத் தூதரகத்தின் முத்திரையும் வேண்டும். பத்தாம் வகுப்பிலிருந்து பி.எட். வரை பெயரும் முன்னெழுத்தும் பிறந்த தேதியும் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்று இன்றே பாருங்கள். முதல் தலைமுறையாகப் படித்தவர்களின் சான்றிதழ்களில்தான் இந்தப் பிழைகள் அதிகம். பள்ளியில் சேர்க்கும்போது கூட நின்று எழுத்துப் பார்க்க நம் பெற்றோருக்குப் படிப்பு இல்லை.

அடுத்து ஒப்பந்தம். சம்பளத்தில் அடிப்படை எவ்வளவு, படி எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். வேலையை விடும்போது கிடைக்கும் பணிக்கொடை பல நாடுகளில் அடிப்படைச் சம்பளத்தை வைத்துத்தான் கணக்கிடப்படும். விடுமுறை மாதங்களுக்குச் சம்பளம் உண்டா, இடையில் விலகினால் என்ன பிடித்தம், குடியிருப்பு தனியா பகிர்வா என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டை எந்தக் காரணத்துக்காகவும் நிர்வாகத்திடம் ஒப்படைத்து வைக்காதீர்கள்.

இப்போது துண்டுக்கு வருகிறேன். வளைகுடாவின் கஃபாலா முறையில் வேலைக்காரரின் விசா முதலாளியின் பெயரோடு கட்டப்பட்டிருக்கிறது. வேறு வேலைக்கு மாறப் பழைய முதலாளியின் என்.ஓ.சி. வேண்டும் என்ற விதி நீண்டகாலம் இருந்தது. கத்தார் 2020இல் அந்த நிபந்தனையை நீக்கியது. மற்ற நாடுகளிலும் தளர்வுகள் வந்திருக்கின்றன. ஆனாலும் போகிற நாட்டில் இன்றைய விதி என்ன என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் கையெழுத்துப் போடக் கூடாது. நூறு ஆண்டுகளுக்கு முன் ஒழிந்த துண்டுச்சீட்டு ஆங்கிலத்தில் மூன்று எழுத்தாக வந்தால் அடையாளம் தெரியாமல் போய்விடும்.

கடனும் கடமையும்

மூத்த தோழரின் கேள்வியை நான் தள்ளிவிடவில்லை. நம் பிள்ளைகளுக்கு யார் பாடம் சொல்வது என்பது உண்மையான கேள்வி. சேரியிலிருந்து வந்த ஒரு பிள்ளைக்கு அதே சேரியிலிருந்து வந்த ஓர் ஆசிரியர் என்ன தருவார் என்று நம்மில் பலருக்கு அனுபவத்தில் தெரியும். அவர் கழிப்பறையைக் கழுவச் சொல்லமாட்டார். வருகைப் பதிவேட்டில் சாதியைப் பார்த்துவிட்டு முகம் மாறமாட்டார். "உனக்கெல்லாம் கணக்கு வராது" என்று சொல்லமாட்டார். அப்படிப்பட்ட ஓர் ஆசிரியர் விமானம் ஏறும்போது ஏதோ ஒரு பள்ளியில் ஏதோ ஒரு பிள்ளை எதையோ இழக்கிறது.

ஆனால் இந்தக் கேள்வியை யாரிடம் கேட்க வேண்டும்? காலிப் பணியிடங்களை நிரப்பாத அரசிடம் கேட்க வேண்டும். ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளை இரண்டாந்தரமாக நடத்தும் துறையிடம் கேட்க வேண்டும். தனியார் துறையில் இடஒதுக்கீடு கேட்டால் தகுதி பற்றிப் பேசும் முதலாளிகளிடம் கேட்க வேண்டும். வேலை கிடைக்காத தங்கையிடம் கேட்பது, அவர் தோளில் ஏற்கெனவே இருக்கும் சுமைக்கு மேல் குற்றவுணர்ச்சியையும் ஏற்றுவதாகும். சமூகத்துக்குத் திருப்பிச் செலுத்துங்கள் என்று படித்தவர்களைப் பார்த்து அண்ணல் சொன்னார் என்பது சரி. அப்படிச் செலுத்துவதற்கு முதலில் கையில் ஏதாவது இருக்க வேண்டும். ஒரு குடும்பம் வட்டிக்காரனிடமிருந்து மீள்வதும், ஒரு தங்கை படிப்பதும், சேரிக்குள் ஒரு கல்வீடு எழும்புவதும் அந்தக் கடனின் முதல் தவணைகள்தான்.

அரசு இதில் என்ன செய்கிறது? படிக்கப் போகிறவர்களுக்கு 1954-55 முதல் மத்திய அரசின் அயல்நாட்டு உதவித்தொகை இருக்கிறது. 2022இல் அதன் விதிகளை மாற்றி, இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுகளுக்கு உதவி இல்லை என்றார்கள். அதாவது தலித் மாணவர் வெளிநாடு போய்ப் பொறியியல் படிக்கலாம், சாதியைப் பற்றி ஆராயக் கூடாது. தமிழ்நாடு அரசு அண்ணல் அம்பேத்கர் பெயரில் அயல்நாட்டு உயர்கல்வி உதவித்தொகை தருகிறது, அதை வரவேற்கிறோம். இரண்டுமே படிப்புக்கானவை. வேலைக்குப் போகும் ஆசிரியரின் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சிக்கும் தேர்வுக் கட்டணத்துக்கும் அட்டஸ்டேஷன் செலவுக்கும் விமான டிக்கெட்டுக்கும் தாட்கோ வழியாக வட்டியில்லாக் கடன் வேண்டும் என்று நாம் கேட்க வேண்டும். முகவர்களின் பிடியிலிருந்து நம்மவர்களை மீட்க அதுதான் நேரடி வழி.

நம் மன்றம் செய்யக்கூடியவையும் உண்டு. போனவர்களின் பட்டியல் ஒன்றை நாட்டுவாரியாக வைத்திருக்கலாம். புதிதாகப் போகிறவர் அங்கே இறங்கும்போது அழைக்க ஒரு தொலைபேசி எண் அவர் கையில் இருக்க வேண்டும். ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்ல நம் வழக்கறிஞர் தோழர்கள் மாதம் ஒருநாள் ஒதுக்கலாம். போனவர்கள் வாரம் ஒரு மணிநேரம் இணையவழியில் நம் இரவுப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு ஆங்கிலமும் கணிதமும் எடுக்கலாம். இதை ஏற்கெனவே சிலர் சத்தமில்லாமல் செய்துகொண்டிருக்கிறார்கள்.

இலக்கிய மன்றம் என்பதால் கடைசியாக ஒரு வேண்டுகோள். மலையகத் தோட்டத்தைப் பற்றியும் மலாயா ரப்பர்க் காட்டைப் பற்றியும் நம்மிடம் எழுத்து இருக்கிறது. வளைகுடாவின் கட்டடத் தொழிலாளர்களைப் பற்றியும் வரத் தொடங்கியிருக்கிறது. சர்வதேசப் பள்ளியின் ஆசிரியர் அறையில் உட்கார்ந்திருக்கும் தலித் பெண்ணைப் பற்றிய எழுத்தை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். பகிர்வுச் சமையலறையை, புதுப்பிக்கப்படாத ஒப்பந்தத்தை, சாதியைப் பற்றிப் பாடம் நடத்திய அந்த ஒரு நாளை, முதல் முறையாகப் பெயரோடு 'மிஸ்' சேர்த்து மரியாதையாக அழைக்கப்பட்ட காலையை, ஊருக்கு அனுப்பிய முதல் பணத்தை எழுதுங்கள். புகாராக எழுதினாலும் சரி, கதையாக எழுதினாலும் சரி.

போக விரும்புகிறவர்கள் கடன்படாமல், விவரம் தெரிந்து, சாதிப் பெயர் இல்லாமல், தலை நிமிர்ந்து போங்கள். இருக்க விரும்புகிறவர்களுக்கு இங்கே வேலை வாங்கித் தரும் போராட்டத்தை நாங்கள் நடத்துகிறோம். இரண்டும் ஒரே போராட்டம்தான். நம் பிள்ளைகள் எந்த வகுப்பறைக்குள் போவது என்பதை அவர்களே முடிவு செய்ய வேண்டும், வேறு யாரும் செய்யக் கூடாது.